சுவருக்கு முன்னால் வாசக்கால்

விழிதியூரில் ஒரு நெல் கிடங்கு. போலகத்தில் களிமண் மேல் நிற்கிற தண்ணீர்த் தொட்டி. அந்த மண்ணில் தொட்டி நிற்காது என்று எழுதிக் கொடுத்த பொறியாளர் இன்றைக்கும் அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் டீ குடிக்கிறார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற ஹவுல் தொட்டி, ஒரு சொட்டு கசியாது. துபாயில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் சுவர் பார்க்கிற ஒருவருக்கு மூன்று மாடி வீடு. அந்த வீட்டு மூலையில் மாடிப்படி திரும்பாது என்று இரண்டு மேஸ்திரிகள் கைவிட்ட பிறகு நான் திருப்பினேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சுண்ணாம்புச் சுவரில், மேலே இருந்த உத்தரம் ஒன்றுகூட அசையாமல், நான்கு ஜன்னல். மண்டபத்தூரில் உப்புக்காற்றை நேருக்கு நேர் வாங்குகிற பதினொரு வீடுகள். அத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவன் கட்டியவை. எனக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது என்று சொன்னவர்கள் எல்லோரும் பிறகு என்னிடம் வீடு கட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக நான் கைவைத்தது போனுக்குள் இருக்கிற ஒரு விளையாட்டு. அதைச் செய்தவர்கள் என் மகளும் மாப்பிள்ளையும் அவர்களுடைய நண்பர்களும். அந்த விளையாட்டுக்குள் ஓர் இடத்தைத் தொட்டால், இதில் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக மேலே ஏறும். அதில் என் பெயர் இல்லை. இருக்க வேண்டும். ஏன் இருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

விளையாட்டு எளிது. மண், மலை, மரம், தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டிகள். உடைக்கலாம், எடுக்கலாம், வேண்டிய இடத்தில் அடுக்கலாம். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. உனக்குப் பிடித்ததைக் கட்டு, அவ்வளவுதான். அந்தக் கட்டிக்கு அவர்கள் ‘வாக்ஸல்’ என்பார்கள். நான் கட்டி என்றுதான் சொல்வேன். கட்டியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இருவரும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். முதல் வருடத்தில் ஒன்று செய்தார்கள். கட்டிகள் பெரியவை, வெறும் நிறம் பூசியவை. பிறகு மாப்பிள்ளைக்கு அது கூச்சமாகப் போய்விட்டது. இரண்டாம் வருடம் முழுக்க உட்கார்ந்து இன்னொன்று செய்தார். அதில் கட்டிகள் பட்டாணி அளவு. நிழல் நகரும், தண்ணீர் ஓடும், மணல் சரியும், தாங்கல் இல்லாதது விழும். சென்னையில் ஒரு கம்பெனி, இரண்டில் ஒன்றை மட்டும் அனுப்புங்கள், பிடித்திருந்தால் வெளியிடுகிறோம் என்று சொல்லியிருந்தது. பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை புதியதைத்தான் அனுப்ப வேண்டும் என்றார். மகள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அப்படிச் சும்மா இருந்தால் மனதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நான் மாடிக்குப் போனது விளையாட அல்ல. சுவரில் ஓதம் அடிக்கிறது, ஈரம் ஏறுகிறது என்று மகள் சொல்லியிருந்தாள். பார்க்கப் போனேன். மாப்பிள்ளை மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டு, புதியதைப் போனில் காட்டினார். தண்ணீரில் வெயில் படுவதைக் காட்டினார். சாயங்காலம் அரசலாற்றுப் பாலத்தில் நின்று பார்ப்பதுபோல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழகு. நிழல் எப்படி விழுகிறது, ஒரு நொடிக்குள் எத்தனை படம் ஓடுகிறது என்றெல்லாம் விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மாப்பிள்ளை சொன்னால் மாமனார் தலையாட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பிறகு ஒன்று கேட்டேன்.

“சரிங்க மாப்பிள்ளை, இதுல என்ன பண்றது?”

“என்ன வேணாலும் பண்ணலாம் மாமா.”

என்ன வேண்டுமானாலும் என்றால் எனக்கு வீடுதான். போனை வாங்கி, இடம் பார்த்து, நூல் பிடிக்கிற மாதிரி ஓரம் எண்ணி, கடைக்கால் தோண்டினேன். எங்கள் ஊரில் நாலடி போனால் தண்ணீர் ஊறும். பத்தடி தோண்டியும் ஊறவில்லை. இது எந்த ஊர் மண் என்று கேட்டேன், மகள் சிரித்தாள். மணல் நிரப்பி, தரையை உயர்த்திப் பேஸ்மட்டம் ஏற்றி, கதவை எடுத்து வாசல் இடத்தில் வைத்தேன். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து கதவு கையிலேயே நின்றது. மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு. மகள் வாசித்துச் சொன்னாள்: சுவர் இல்லாமல் கதவு வைக்க முடியாதாம்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவன் பேஸ்மட்டம் முடிந்ததும் முதலில் வாசக்காலை, கதவு மாட்டுகிற அந்த மரச்சட்டத்தைத்தான் நிறுத்துவான். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டுக்காரர்கள் தொட்டுக் கொடுக்க, இரண்டு பக்கமும் கழி முட்டுக் கொடுத்து வெறும் வெளியில் அது தனியாக நிற்கும். பாய்மார்கள் வீட்டில் என்றால் பாத்திஹா ஓதி இனிப்புக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் சுவர். சுவர்தான் வாசக்காலைத் தேடி வரவேண்டும். இப்போது சிலர் சுவரில் இடம் விட்டுக் கட்டிவிட்டுப் பிறகு கதவைச் சொருகுகிறார்கள். அவர்களைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

“அது ஃபிசிக்ஸ் மாமா. கதவுக்குத் தாங்கல் வேணும்ல,” என்றார் மாப்பிள்ளை.

நான் மகள் பக்கம் திரும்பினேன். “ஏம்மா, சொவரக் கட்டிப்புட்டு வாசக்கால் வைக்கிற ஊரு எந்த ஊருன்னு மாப்பிள்ளையக் கேட்டுச் சொல்லு.”

“நேரா அவருகிட்டயே கேளுங்கப்பா. ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்காரு.”

மாப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தன் போனை எடுத்து, பழையதைத் திறந்து என் கையில் கொடுத்தாள். அதில் கதவு நின்றது. முட்டு இல்லை, சுவர் இல்லை, ஒன்றும் இல்லை. பொட்டல் வெளியில் ஒரு கதவு. திறந்து உள்ளே போனேன். உள்ளே என்று எதுவும் இல்லை, அந்தப் பக்கமும் அதே பொட்டல்தான். மூடிவிட்டுத் திரும்பித் திறந்து வெளியே வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வாசக்கால் நிறுத்தியிருக்கிறேன். ஒன்றில்கூட இப்படி நுழைந்து நுழைந்து வந்ததில்லை, வேலை நேரம், ஆள்கள் பார்ப்பார்கள். பிறகு அதற்குப் பின்னால் இன்னொரு கதவு, அதற்குப் பின்னால் இன்னொன்று, மலை உச்சி வரைக்கும் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே ஏறினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இடதுபக்கம் ஒன்று விட்டுவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. ஓதத்தை நான் பார்க்கவே இல்லை.

“இதுதாம்மா வெளையாட்டு. இத அனுப்புங்க,” என்றேன்.

மாப்பிள்ளை பொறுமையாகத்தான் சொன்னார். “மாமா, அது பழசு. கட்டம் பெருசு, நெழல் கெடையாது, தண்ணி ஓடாது. இதக் கொண்டுபோயி வெளில காட்டுனா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே மாப்பிள்ளை. வெளையாட்டுன்னா சிரிக்கத்தான?”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் முகத்துக்கு நேராக நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மத்தியானம் அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் சாய்ந்திருந்தால் சாய்ந்தது என்றுதான் சொல்வேன், வீட்டுக்காரர் யாராக இருந்தாலும்.

மறுநாள் இரண்டு போன்களையும் வாங்கிக்கொண்டு மண்டபத்தூர் வேலைக்குப் போனேன். அங்கே பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. பதினொரு மணி டீக்கு உட்கார்ந்த ஏழு பேரிடமும் இரண்டையும் கொடுத்தேன். எது நல்லது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மேஸ்திரிக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். போனைத் திருப்பிக் கேட்கும்போது கொடுக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். என்னிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். இன்றைக்கும் அதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கம்பெனியிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புதியதை வாங்கிப் பார்த்தவர்கள் சினிமா மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒரு கொத்தனார் தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். போன் சுடுகிறது என்று லுங்கி நுனியால் பிடித்துக்கொண்டார். டீ முடிந்ததும் அவராகவே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். பழைய போன் திரும்பி வரவில்லை. அது கை மாறி மாறிக் கடைசியில் ஒரு சித்தாள் அம்மாளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. என்னோடு பல வருடமாகக் கலவை சுமக்கிறவர், பேரன் பேத்தி எடுத்தவர். சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்.

“போனக் குடும்மா, கலவை காயுது,” என்றேன்.

“காயட்டும்ண்ணே. நீங்கதான குடுத்தீங்க. இன்னும் தாப்பா போடல.”

என்ன கட்டுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். குளியலறை. வீட்டைவிடப் பெரிய குளியலறை, நான்கு பக்கமும் கதவு. வீடு எங்கே என்று கேட்டதற்கு, வீடுதான் ஏற்கெனவே இருக்கிறதே, இல்லாததைத்தானே முதலில் கட்டவேண்டும் என்றார். மற்ற ஆறு பேரும் வேலைக்குப் போகாமல் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, கதவை இங்கே வை, அங்கே வை என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு சட்டிக் கலவை வீணாகப் போனது. அதற்கு நான் யாரையும் திட்டவில்லை.

சாயங்காலம் மாடியில் இதைச் சொன்னபோது மாப்பிள்ளை தலையை ஆட்டினார். “ஏழு பேரு சொன்னத வச்சு முடிவு பண்ண முடியாது மாமா. அதெல்லாம் டேட்டா ஆகாது.”

“அவங்க ஒண்ணும் சொல்லல மாப்பிள்ளை. ஏழு பேரும் கலவையக் காயவிட்டாங்க.”

அவர் இரண்டு போன்களையும் வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, ஒரு வருடம் முழுக்க அந்த நிழலுக்கும் தண்ணீருக்கும்தான் உழைத்திருக்கிறேன் என்றார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. எனக்கு அது புரியாமல் இல்லை. ஒரு வீட்டுக்கு வளைவு வாசல் ஒன்று கட்டினேன். அந்தத் தெருவே நின்று பார்த்தது. கட்டிலைக் கொண்டுவந்தார்கள், உள்ளே போகவில்லை. என் கையாலேயே இடித்தேன். அதை அவரிடம் சொன்னேன். இடிக்கும்போது வலித்ததா என்று கேட்டார். வலித்தது என்றேன். கட்டில் உள்ளே போனதா என்றாள் மகள். போனது என்றேன். அவள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை, பழையதை அனுப்பிவிட்டாள். அனுப்புவதற்கு முன்னால் தொடக்கத்தை மட்டும் மாற்றினாள். யார் விளையாட வந்தாலும் முதலில் தெரிவது பொட்டல் வெளியில் தனியாக நிற்கிற ஒரு கதவு. திறந்துகொண்டுதான் உள்ளே வரவேண்டும். மாப்பிள்ளை தன் தண்ணீரை மட்டும் விடவில்லை. அவருடைய ஆறு ஒன்று மலைக்குப் பின்னால் ஓடுகிறது. ஓடட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

கம்பெனி எடுத்துக்கொண்டது. விளையாட்டு வெளியே வந்து, எங்கெங்கோ இருக்கிறவர்கள் கீழே கருத்து எழுதுகிறார்கள். மகள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். கட்டி எத்தனை சிறிது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கதவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். யாரோ ஒருவர் நூறு கதவு வைத்தாராம். இன்னொருவர் கடலுக்கு அடியில் வைத்தாராம்.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் குருவிச் சத்தம் மட்டும் பதிவு செய்து அனுப்பியவர். கடைசியில் ‘நன்றி’ என்று போட்டு, ‘எங்கள் பெற்றோருக்கு’ என்று இருக்கிறது. நான் அதற்குள் அடங்கிவிட்டேனாம். மாப்பிள்ளையிடம் கேட்டேன், நேராகவே கேட்டேன், இப்போது எங்களுக்குள் அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது.

“யோசனை சொன்னவங்க பேரெல்லாம் போட்டா முடியவே முடியாது மாமா. நீங்க வெளையாடித்தான பாத்தீங்க?”

ஆமாம், விளையாடித்தான் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் இரண்டு வருடம் செய்தீர்கள், விளையாடிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரியாதவன் கோடு எழுதினேன் என்று கேட்கவில்லை. படம் வரைந்தேன் என்றும் கேட்கவில்லை. எது விளையாட்டு, எது இல்லை என்று நின்று சொன்னேன். ஒரு மாமனார் சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேன். அது வேலை. பொறியாளர் கையெழுத்துப் போடுவது வேலை என்றால் இதுவும் வேலை.

மகளே, இதை நீ கட்டாயம் படிப்பாய். பெற்றதற்காக எனக்கு நன்றி வேண்டாம், அந்த வரியில் உன் அம்மா இருக்கட்டும். அடுத்த அப்டேட் வருகிறபோது வேலை செய்தவர்கள் வரிசையில் பத்தாவதாக என்னைப் போடு. ‘வாசக்கால் வைத்தவர்’ என்று தமிழிலேயே போடு. பக்கத்தில் என் பெயர், தலைப்பெழுத்தோடு முழுதாக, மற்றவர்கள் பெயர் இருக்கிற அதே அளவு எழுத்தில்.