டிஏபி வேண்டாம் என்றேன்

குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட, இன்று காலை உரக்கடைக்குப் போனேன்.

கையில் மண் பரிசோதனை அட்டை இருந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே அதிகம், ஜிங்க்தான் குறைவு என்று அதில் போட்டிருந்தது. அதனால் யூரியாவும் ஜிங்க் சல்பேட்டும் மட்டும் கேட்டேன்.

கடைக்காரர் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "டிஏபி போடாம யாரு வெதைக்கா? ரெண்டு மூடை எடுத்துட்டுப் போ."

"வேண்டாம் அண்ணாச்சி. டிஏபில இருக்குற மணிச்சத்து எம் மண்ணுலயே கெடக்கு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த, நிறைய நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற பெரிய சம்சாரி ஒருவர் சிரித்தார். "பட்டாசுக் கம்பெனிக்குப் போற ஆளுக்கு மண்ணப் பத்தி என்னலே தெரியும்?"

கம்பெனியில் பத்து வருஷமாக வெடிமருந்து நிறுக்கிற ஆள் நான். நிதானமாகத்தான் சொன்னேன்.

"அங்கன எல்லாத்தையும் நிறுத்துத்தான் கலப்போம். ஒங்கள மாதிரி குத்துமதிப்பா அள்ளிப் போட்டா, சாயங்காலம் வீடு போய்ச் சேர முடியாதுய்யா."

கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் ஊர்க் கடைக்காரர் எதைப் பார்த்து உரம் சொல்கிறார்? உங்கள் மண்ணையா, அவர் கடையில் தேங்கிக் கிடக்கும் மூடையையா?