சித்தர்களுக்கு விட்ட பாதி வழி

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஓர் இரும்புச் சட்டி கிடக்கிறது. விளிம்பு நெளிந்து, ஒரு காது போய்விட்டது. இப்போது கோழிகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. இந்தச் சட்டியில்தான் அண்ணாமலையையே தூக்கிக்கொண்டு போய், மலைக்குப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் ஒரு வீட்டுப் பின்தோட்டத்தில் இறக்கி வைத்தேன். பொய். நான் தூக்கியது, பக்கத்து மனையில் மாடி வீடு கட்டத் தோண்டிப்போட்டு மிச்சம் கிடந்த செம்மண். அதிலும் பாதியை அந்தத் தோட்டத்து வீட்டு அக்காவே சுமந்தார். ஆனாலும் டீக்கடையில் மலையைத் தூக்கியவன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். கேட்பவர்களும் எனக்கு டீ வாங்கித் தராமல் கேட்டுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு மட்டும்தான் ஒதுங்கியிருக்கிறேன், அங்கேயும் கூரை ஒழுகியது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பொய்யை அப்படியே விட்டுவிட்டுத் தமிழை மட்டும் திருத்துகிறாள்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். பௌர்ணமி வந்துவிட்டால் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வீட்டு ஜன்னலில் செருகிவிட்டு, காக்கிச் சட்டையோடே கிரிவலம் கிளம்பிவிடுவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். பக்தி என்று சொல்ல ஆசைதான். உண்மையில், வழியில் அடி அண்ணாமலை ஊரில் அவர் வாங்கித் தரும் சுக்குக் காப்பிக்காக. அவர் நடந்தால் தேர் நகர்கிற மாதிரி இருக்கும், வேகமும் கிடையாது, நிற்கவும் மாட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் காலை அவர் கட்டிலைவிட்டு எழுந்தார், இடது கையும் இடது காலும் எழவில்லை. தினமும் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கால் அப்படியே விறைத்து நின்றுவிடும் என்று டாக்டர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிரைவரண்ணன் மாட்டேன் என்றார்.

"ஊரையே ஏத்திக்கினு போனவன்டீ நான். என்னை நீ இட்டுக்கினு போறத தெருவே நின்னு பாக்கணுமா?"

கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். அங்கிருந்து மலை தெரியும். காலையில் நீலமாக, உச்சியில் சாம்பலாக, மழைக்கு முன்னால் யாரோ கிட்டே இழுத்து வைத்த மாதிரி. நாள் முழுக்க அதைப் பார்த்தபடியே கிடப்பார். அதற்கும் வந்தது கேடு. பக்கத்து மனையில் வீடு எழும்பியது. முதலில் மலையின் இடுப்பு மறைந்தது. மேல்தளம் போட்டதும் தலையும் மறைந்தது. அன்றைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியவர்தான், பிறகு திரும்பவில்லை. கால் கட்டை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அக்கா அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை அவர். என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால் பின்தோட்டம் முழுக்கக் கோலம். கோலப்பொடியால் ஒரு பெரிய வட்டம், நடுவில் ஒரு குவியல் மாதிரி, வட்டத்தின் மேல் எட்டுப் புள்ளிகள்.

"அவரால மலைக்குப் போக முடியல. அதான், மலையை உள்ள கொண்டாந்துடலாம்னு பாக்குறேன். நடுவுல மலை, சுத்தி வழி, எட்டு மூலையில எட்டு லிங்கம். ஏவல், பில்லி எதுனா இருந்தாலும் அறுந்துபோற செடியா வைக்கணும். உனக்குத் தெரியுமா?"

நான் குழி தோண்டுகிறவன். தென்னைக்கும் தோண்டுவேன், கக்கூஸுக்கும் தோண்டுவேன். ஆனால் அந்த நிமிடம் என் வாய் பெரிய மாந்திரீகன் வாயாகிவிட்டது. வெள்ளெருக்கு வடக்கே, நாயுருவி தெற்கே, வில்வம் கிழக்கே என்று அடித்துவிட்டேன். நாலு நாள் கழித்து, வில்வக் கன்றோடு வந்து மேற்கே குழி தோண்ட ஆரம்பித்தேன்.

"ஏம்ப்பா, அன்னிக்கு கிழக்குன்னியே?"

"அது அன்னிக்குக் கிழக்குக்கா."

மண்ணைக் கையில் அள்ளி என் தலையில் போட்டார். அதன் பிறகு எந்தச் செடி எங்கே என்று அவரே சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டு தோண்டினேன். நொச்சியும் துளசியும் வந்தன, எலுமிச்சை வந்தது. லிங்கத்துக்குத்தான் கல் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு மிக்ஸி வந்துவிட்ட காலம் அது; அம்மிக் குழவிகள் வேலையில்லாமல் வாசலில் உருண்டுகொண்டிருந்தன. தெருவெல்லாம் கேட்டு எட்டுக் குழவிகளைக் கொண்டுவந்தோம். அதில் ஒன்று என் பெண்டாட்டியுடையது, அவளைக் கேட்காமல் எடுத்தது. அக்கா எட்டையும் கழுவி, எண்ணெய் பூசி, விபூதி இட்டு நட்டபோது, காலமெல்லாம் மிளகாய் அரைத்த களைப்பு தீர்ந்து அவை உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக் குழவி குபேர மூலையில் உட்கார்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து குபேரனிடம் ஏதாவது போனதென்றால் அது ஒன்றுதான்.

கடைசியில் வழி. மலையைச் சுற்றி ஆள் ஒருவர் நடக்கிற அகலத்துக்கு மணல் பரப்பி, உள்பக்கம் ஒட்டித் துளசி நட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"சித்தருங்க எங்க நடப்பாங்க?"

கிரிவலம் போகிறவர்களுக்குத் தெரியும். சாலையில் நாம் இடதுபக்கமாகத்தான் நடப்போம். மலையை ஒட்டிய வலதுபக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுடையது. அதை நான் மறந்துபோயிருந்தேன்.

"அக்கா, இது சின்ன மலை. இதுக்கு வர்ற சித்தரும் எறும்பு சைசுலதான் இருப்பாரு. அவருக்கு எதுக்கு இவ்வளோ எடம்?"

"மலை சின்னதா இருக்கலாம். மரியாதை கம்மியா இருக்கக் கூடாது. புடுங்கு."

வழியை உள்பக்கம் இன்னோர் ஆள் அகலத்துக்கு விரிக்க, புலம்பிக்கொண்டே துளசியைப் பிடுங்கினேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். கறகறவென்று, பழைய பஸ் கிளம்ப மறுக்கிற மாதிரி. இருவரும் நின்றுவிட்டோம். ஜன்னல் பக்கம் முகம் திருப்பி டிரைவரண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையிலிருந்த துளசியை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டார்.

அந்தப் பௌர்ணமி மாலை நாற்காலியோடு அவரைப் பின்வாசலில் கொண்டுவந்து உட்கார வைத்தோம். சாம்பிராணிப் புகை நொச்சிக்குள் புகுந்து தங்கியிருந்தது. அக்கா ஈசானிய மூலைக் கல்லின் முன்னால் ஓர் அகல் விளக்கை வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நாங்கள் குவித்த மண்ணின் நிழல், மலையை மறைத்த அந்த மாடிச் சுவரில் விழுந்திருந்தது. பெரிதாக, கூர்மையாக, சுவர் முழுக்க. சுடர் அசைந்தபோது மலை மூச்சு விட்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிலா ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் எங்கே இருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. அடி அண்ணாமலையில் சுக்குக் காப்பி டம்ளரோடு நிற்கிற மாதிரி உள்ளங்கை சுட்டது.

அக்கா நடக்க ஆரம்பித்தார், இடதுபக்கமாக. ஒரு சுற்று. டிரைவரண்ணன் சுவரைப் பார்த்தார், வழியைப் பார்த்தார்.

"ஏண்டீ, அந்தப் பாதியச் சும்மாவா ஓட்டுற?"

"அது ரிசர்வேஷன்."

"ரிசர்வேஷன் ஆளு வரலன்னா சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடணும். அதான் ரூலு."

வலது கையால் தடியைக் கேட்டு வாங்கினார். செருப்பைக் கழற்றச் சொன்னார், நான் கழற்றினேன். அக்கா வந்து அவருடைய இடது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா இடதுபக்கம், அண்ணன் சித்தர் பக்கம். இருவருக்கும் சரியாக இருந்தது அந்த வழி. முதல் கல்லுக்குப் போவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. பாதியில் நின்று, "தேங்காய் ஏத்தின லாரி கூட இவ்வளோ மெதுவா போவாது," என்று தன்னையே திட்டிக்கொண்டார். குபேர மூலையில் எங்கள் வீட்டுக் குழவிக்குக் கும்பிடு போட்டார். நான் சாம்பிராணி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் காலை வழியைப் பெருக்கப் போனேன். ஈர மணலில் தடமெல்லாம் அப்படியே இருந்தது. அக்காவின் கால்கள். அண்ணனின் வலது கால், இழுத்த இடது காலின் கோடு, தடியின் புள்ளிகள். அதற்கும் உள்ளே, மலையை ஒட்டி, இன்னொரு கால் தடம். என் காலாகத்தான் இருக்கும் என்று நானும் முதலில் நினைத்தேன். காலை வைத்துப் பார்த்தேன். என் கால் அதைவிட...

இங்கே செல்போன் அடிக்கிறது. மகள் எடுத்துக் கேட்டுவிட்டு என் காதில் வைக்கிறாள். அக்கா.

"நேத்து மழையில மலை கரைஞ்சி வழியெல்லாம் சேறுப்பா. இன்னிக்குப் பௌர்ணமி, மறந்துட்டியா? சட்டிய எடுத்துக்கினு ஓடியா. உங்கண்ணன் அப்பவே செருப்பக் கழட்டி ஜன்னல்ல சொருகிட்டு உக்காந்துனு இருக்காரு."

மகள் பேனாவை மூடுகிறாள். நான் கோழிகளை விரட்டிவிட்டுச் சட்டியைக் கவிழ்க்கிறேன்.