ஆறு நிமிடம் பதினான்கு நொடி

2018 அக்டோபர் 8: 650
அக்டோபர் 15: 4,200
நவம்பர் 2: 61,000
நவம்பர் 14: 3,875
2019 ஜனவரி 7: 300

முதல் நான்கும் தொண்டைக்காகக் கொடுத்தவை. ஐந்தாவது, கையடக்கமான ஒரு வெள்ளைப் பலகைக்கும், அதில் எழுதி அழிக்கும் இரண்டு பேனாக்களுக்கும். அன்று திங்கட்கிழமை. பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மூன்று மாதம் அறிவிப்பாளராக இருந்தவர், குரல் இல்லாமல் வேலைக்குத் திரும்பிய முதல் நாள்.

அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் குரலுக்கு வந்த பெயர் அது. பேருந்து கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறை, ஐந்து நிமிடத்தில் ஒரு முறை, கிளம்பும் தறுவாயில் ஒரு முறை என்று ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று தடவை அறிவிப்பார். முதலாவது சொல்வது, இரண்டாவது கூப்பிடுவது, மூன்றாவது விரட்டுவது. மூன்றாவதைக் கேட்டால் கழிப்பறையில் இருப்பவன்கூட அரைகுறையாக ஓடி வருவான் என்று நடத்துநர்கள் சொல்வார்கள்.

நவம்பர் 2ஆம் தேதி அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது, மூச்சு இனிமேல் கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் என்றார் மருத்துவர். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. ஓய்வு பெற இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதுவரை வேலையில் இருந்தால் முழு ஓய்வூதியம். நடுவில் உடல்தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டால் அதில் பாதிக்கும் கீழே. நிலையத்துக்குப் பின்னால் அவர்கள் இருந்த இரண்டு அறைக் குடியிருப்பையும் அறுபது நாளில் காலி செய்ய வேண்டும்.

"ஊருக்கெல்லாம் முப்பது வருஷம் கத்திட்டு, வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டீங்க. இப்ப ரெண்டுக்கும் சரியாப் போச்சு" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

நிலைய மேலாளர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர், நல்ல மனிதர். நடைமேடைகளுக்கு நடுவே இரண்டு பெரிய டிவி புதிதாக மாட்டியிருந்தார்கள். கணினியில் ஸ்லைடு செய்து அதில் ஓடவிட ஓர் ஆள் தேவைப்பட்டது.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. உங்களுக்கு விரல் இருக்குல்ல அண்ணே, பொழச்சுக்கலாம். ஆறு மாசம் செய்யுங்க. அப்புறம் நிரந்தரமா இதுலயே வைக்கச் சொல்லி மேல எழுதறேன். கடிதம் அங்கேருந்துதான் வரணும்."

வெண்கலம் பலகையில் 'சரி' என்று எழுதிக் காட்டினார்.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. தடம் எண், போகுமிடம், மேடை, நேரம். முதல் மூன்று வாரம் அப்படித்தான் செய்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீக்கடைக்காரர், "போர்டா? எங்க போர்டு? நான் விளம்பரம்னுல்ல நெனச்சேன்" என்றார். வெண்கலத்துக்கு அது பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் எழுந்து போவதுபோல இருந்தது.

முன்பதிவு கவுண்டரில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணினியில் அவளுக்கு நல்ல பழக்கம். ஜனவரி 29 மதியம், சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, சாவு அறிவிப்பு மாதிரி வச்சிருக்கீங்க? இங்க பாருங்க. இத அமுக்கினா நெழல். இது வளைக்கிறதுக்கு. இது ஜொலிக்கிறதுக்கு. இத அமுக்கினா எழுத்து ஒண்ணொண்ணா பறந்து வரும்."

அவர் அமுக்கினார். '27' என்ற எண் திரையின் ஓரத்திலிருந்து வந்து, பெருத்து, நடுங்கி நின்றது. அவர் சுட்டெலியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. அந்த எண்ணை அவர் மூன்றாம் முறை அறிவிக்கும்போது இழுப்பாரே, அதே இழுப்பு.

அன்றிலிருந்து வேலை கூடிற்று. சொல்வதற்கு நிழல் போட்ட நீலம். கூப்பிடுவதற்கு வில்லாக வளைந்த மஞ்சள். விரட்டுவதற்குச் சிவப்பு, அது ஊதிப் பெருத்து, இரண்டு முறை ஆடி, அப்புறம் நிற்கும். திருடர் எச்சரிக்கைக்கு மட்டும் எழுத்தைச் சுற்றித் தீப்பற்றிய மாதிரி ஒரு விளிம்பு. நிலையத்தில் இருந்த எழுத்துரு பழையது. எழுத்துகள் பறந்து வரும்போது ஒற்றைக் கொம்பு முதலில் தனியாக வந்து நின்றுகொண்டு, தன் எழுத்துக்காகக் காத்திருக்கும்.

"என்ன வெண்கலம், கொம்பு மட்டும் முன்னால வருது? மாடு பின்னால வருதா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆனால் இப்போது நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். விடிகாலை நாலே முக்காலுக்குத் திரையைப் போட்டுவிட்டு, கழுத்துத் துளையைத் துடைத்துக்கொண்டு, மதியம் இரண்டு வரை ஒவ்வொரு ஸ்லைடாகச் செதுக்கினார். வீட்டுக்கு வந்தால் கண் எரியும், தோள் கல்லாக இருக்கும்.

"வாய் வேலை செஞ்சப்பகூட இப்படி அசந்து வந்ததில்ல நீங்க" என்றாள் மனைவி.

'நல்லா இருக்கு. ஜனங்க பார்க்கறாங்க' என்று எழுதிக் காட்டினார்.

மே மாதம் இரண்டாவது வாரம், ஐந்தாவது மேடையில் சாக்கடைக் குழாய்க்காகப் பள்ளம் தோண்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போகும் 41ஆம் எண் வண்டியை இரண்டாவது மேடைக்கு மாற்றினார்கள். அவர் அதைத் திருத்தி, வளைத்து, நிழல் போட்டார்.

மே 22, புதன்கிழமை. காலை ஆறு மணி ஆறு நிமிடத்துக்கு ஒரு பெண், கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வந்தாள். வாரம் மூன்று நாள் அவருக்கு ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வெண்கலத்துக்கு இருவரையும் பார்த்துப் பழக்கம். ஐந்தாவது மேடையில் பள்ளத்தைக் கண்டதும் கணவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றாள். திரையில் வேறு ஏதோ தடம் பறந்து வந்துகொண்டிருந்தது. அது முடிந்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவள் பொறுமையாக நின்றாள்.

கண்ணாடி அறையில் இருந்து வெண்கலம் அவளையும் பார்த்தார், அவளுக்குப் பின்னால் இரண்டாவது மேடையில் 41 பின்வாங்குவதையும் பார்த்தார். வாயைத் திறந்தார். கழுத்துத் துளையில் காற்று சீறியதே தவிர வேறொன்றும் இல்லை. மேசையில் துணி போட்டு மூடியிருந்த மைக்கை இழுத்து, பொத்தானை அமுக்கி, விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக், டொக் என்று நிலையம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அவளும் ஒலிபெருக்கியைத்தான் பார்த்தாள். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டி ஏழு நாற்பதுக்கு. அது வரும்வரை அவர் அறைக்கு வெளியே வரவில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு திரையை முதலிலிருந்து ஓடவிட்டு எண்ணினார். முப்பத்து நான்கு தடம். ஒன்றுக்குப் பதினொரு நொடி. மொத்தம் 374 நொடி. திரையில் 41ஆம் எண் ஆறு ஐந்துக்கு வந்து போயிருக்கிறது. மறுபடி வர ஆறு பதினொன்றாகும். வண்டி ஆறு பத்துக்கு. குரல் என்றால், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவனையும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். திரை அப்படியில்லை. ஒவ்வொரு தடமும் தன் முறைக்காக வரிசையில் நிற்க வேண்டும். எழுத்து ஆடி முடியும்வரை அடுத்தது வராது. நான்கு மாதமாக இது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே எல்லா அலங்காரத்தையும் எடுத்தார். அதற்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. கருப்பில் வெள்ளை, பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி, மூன்று பக்கம், பக்கத்துக்கு எட்டு நொடி. இருபத்து நான்கு நொடியில் எல்லாத் தடமும் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கண்ணாடி அறைக்கு வந்தாள்.

"அன்னைக்கு மெஷின்ல எங்க முறை போயிடுச்சுங்க. சாயங்காலம்தான் ஏத்தினாங்க. மூச்சு முட்டிப் போச்சு அவருக்கு." கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தாள். "எழுத்து அழகா வந்துச்சு, முடியட்டும்னு நின்னேன். புகார்ப் பெட்டியில ஒரு கடுதாசி போட்டிருக்கேன். உங்களச் சொல்லல. போர்டைத்தான் சொல்லியிருக்கேன்."

அவர் பலகையை எடுத்தார். 'இப்ப மாத்திட்டேன்' என்று எழுதிக் காட்டினார்.

மே 27ஆம் தேதி மேலாளர் கூப்பிட்டார். விளக்கம் கேட்டுத் தலைமை அலுவலகக் கடிதம் கையில் இருந்தது.

"கல்யாணப் பத்திரிகையாண்ணே அடிச்சீங்க? சரி விடுங்க. மெஷின் நின்னுபோச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. எல்லா ஸ்டாண்டுலயும் நிக்குது, யாரு வந்து பார்க்கப் போறா? ஆறு மாசம் முடியப்போற நேரம். இதுல போய் மாட்டிக்காதீங்க."

வீட்டில் மனைவியும் அதையே சொன்னாள். "அவரே சொல்லிக் கொடுக்கறாரு. எழுதிட்டுப் போங்களேன். இந்த வயசுல வீடு தேடி அலையணுமா?"

'மெஷின் நிக்கல' என்று எழுதினார்.

"தெரியும்."

'அந்தம்மாவ நான்தான் நிறுத்தி வச்சேன்.'

அவள் பலகையை வாங்கித் தன் முந்தானையால் அழித்தாள். "அரிச்சந்திரன் வீட்ல வாக்கப்பட்டுட்டேன்" என்றாள்.

விளக்கம் ஒரு பக்கம்தான். நடந்தது, கணக்கு, தவறு தன்னுடையது என்பது, இப்போது செய்திருக்கும் மாற்றம், அதில் ஆகும் நொடிகள். மே 30ஆம் தேதி அனுப்பினார். அதன் பிறகு திரை ஒழுங்காக ஓடிற்று. நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வண்டி தவறிவிட்டது என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஜூலை 6ஆம் தேதி ஆறு மாதம் முடிந்தது. மேலாளர் சொன்னபடியே மேலே எழுதினார்.

ஜூலை 15ஆம் தேதி வந்தது சுற்றறிக்கை. பத்தொன்பது நிலையங்களுக்கும் ஒன்றே. 'ஒரு நிலையத்திலிருந்து பெறப்பட்ட பயனுள்ள விளக்கத்தின் அடிப்படையில்' இனி எல்லாத் திரைகளிலும் எழுத்து அலங்காரம் கூடாது. பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி, எட்டு நொடி. ஆகஸ்ட் 1 முதல் தலைமை அலுவலகமே பக்கங்களைத் தயாரித்து எல்லா நிலையங்களுக்கும் நேரடியாக அனுப்பும்.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். "உங்க கணக்குதாண்ணே. அப்படியே போட்டிருக்கான். ஒரு நொடிகூட மாத்தல." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே இங்க ஆள் எதுக்குன்னு கேப்பான்."

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டீங்க" என்றாள் மனைவி. ஆனால் சுற்றறிக்கையின் நகலை வாங்கி, 'பயனுள்ள விளக்கம்' என்றிருந்த அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

ஆகஸ்ட் முழுக்க அவருக்கு இருந்த வேலை, காலையில் திரையைப் போடுவதும் மதியம் கிளம்புமுன் மேசையைத் துடைப்பதும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். முப்பத்தொரு வருடத்தில் செய்யாத காரியம். பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஓர் இடம் கேட்டு மேலாளர் எழுதினார், நினைவூட்டியும் எழுதினார். மனைவி பரணில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, தேவையில்லாததைக் கழித்தாள். கேட்டால், "சும்மாத்தான், தூசி" என்றாள்.

மாற்றுப் பணியிடம் காலியில்லை, செப்டம்பர் 30 பிற்பகல் முதல் உடல்தகுதியின்மை காரணமாக விடுவிக்கப்படுகிறார், குடியிருப்பை அறுபது நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற கடிதத்தைத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தபோது மணி பதினொன்று இருபது. 2019 செப்டம்பர் 19, வியாழக்கிழமை.