மகளின் வாயையே பார்த்த பெண்

இன்று இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு பெண் என் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தக் காலத்தில் யாராவது உற்றுப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது. மகளை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன்.

மாத்தளையில் இறங்கியதும் பின்னாலேயே வந்தார்.

“தங்கச்சி, பிள்ள தூங்கும்போதும் வாயத் தொறந்துகிட்டா இருக்கும்?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“என் மகனும் வாயாலதான் மூச்சு விட்டான். மொகம் நீண்டு, பல்லு முன்னுக்கு வந்துருச்சி. இப்பக் கம்பி போட்டிருக்கோம். நீங்க மொதல்ல மூக்கக் காட்டுங்க.”

தலையாட்டிவிட்டு நடந்தேன்.

மதியம் மகள் தூங்கியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வாய் திறந்தேதான் இருந்தது. நாளை மூக்கு டாக்டரிடம் போகிறோம்.

ஆனாலும், நான் நகரும்போது “பிள்ளயோட அப்பா எங்க வேல?” என்றும் கேட்டாரே. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.