தயிர் உறையாத வாரம்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு காலையில் எங்கள் வீட்டில் தயிர் உறையவில்லை.

இதையெல்லாமா பத்தியில் எழுதுவார்கள் என்கிறீர்களா? எழுதத்தான் வேண்டும். ஒரு கல்யாணமே அந்தத் தயிரை நம்பி இருந்தது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் வீட்டுக்காரரின் வயிறு புதிதல்ல. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மராத்தி நாட்டில், தேஹு ரோடு என்கிற ஊரில். அவருக்கு வேலை பிம்ப்ரியில், ஆன்டிபயாடிக் செய்கிற தொழிற்சாலையின் லேபில். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, நடுவில் மருந்தை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், மருந்தைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் தெரியும். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து நல்ல மருந்து. அதை அளப்பதுதான் அவர் உத்தியோகம்.

பகலெல்லாம் கிருமியோடு மல்லுக்கட்டுகிற மனுஷர், சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் என்ன செய்வார்? வடா பாவ். கூடவே பொரித்த மிளகாய். மழை பெய்தால் காந்தா பஜி, அதாவது வெங்காய பஜி — பெய்யாவிட்டாலும் பஜி. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் மிசல் என்கிற காரமான பயறுக் குழம்பு, அதுவும் சிவப்பாக எண்ணெய் மிதக்க வேண்டும். ராத்திரி வயிறு கடமுடா என்னும். காலையில் மெடிக்கல் ஸ்டோரில் அவராகவே இரண்டு கேப்ஸ்யூல் வாங்கி விழுங்குவார். டாக்டரிடம் போகச் சொன்னால், "நான் பார்க்காத மருந்தையா அவர் பார்த்துட்டார்?" என்பார்.

இப்படியே போய்... கடைசியில் எதையும் தங்க விடுவதில்லை என்று வயிறு முடிவெடுத்துவிட்டது. அதுவும் எப்போது? என் நாத்தனார் ரோசியின் கல்யாணம் நெருங்கும்போது.

மாமனார் இல்லை. ரோசியைக் கைபிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப் போக வேண்டியவர் அண்ணன்தான். கல்யாணப் பூசையோ லேசில் முடியாது. கோயிலில் கக்கூஸும் கிடையாது. கட்கியிலிருந்து வந்த அவர்கள் சித்தப்பா, "பேசாம நானே கூட்டிட்டுப் போயிடறேனே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரரின் முகம் விழுந்துபோனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ரோசி மட்டும், "அண்ணன் வரலேன்னா நான் வாசல்லயே நிப்பேன் அண்ணி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருவழியாக டாக்டரிடம் இழுத்துப் போனேன். மராத்திக்காரர், வளவளவென்று பேசமாட்டார். "கேப்ஸ்யூல் பந்த். பஜி பந்த். சிர்ஃப் தஹி-பாத்," என்றார். வயிற்றில் நல்ல கிருமியும் இருக்கிறதாம். கெட்டதோடு சேர்த்து இவர் அதையும் கொன்றுவிட்டாராம். தயிரும் சோறும்தான் வழியாம்.

தயிர்தானே? விசேஷத் தயிராகவே கொடுப்போம் என்று, பால் பூத்தில் வாங்குகிற பாட்டில் பாலை நிறுத்தினேன். கொட்டகைக்கே போய், கண்முன்னால் கறந்த எருமைப் பால் வாங்கினேன். காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றினேன். காலையில் பார்த்தால்... பால் பாலாகவே இருந்தது. மாடி வீட்டு லட்சுமி அக்காவிடம் உறைமோர் வாங்கி ஊற்றினேன். அவர் வீட்டில் பாட்டில் பாலிலேயே கெட்டித் தயிர். என் வீட்டில் மறுபடியும் பால்.

"உன் கை ராசி அப்படி," என்றார் இவர், லீவு போட்டுப் படுத்திருந்தபடி. கல்யாணமான நாளாக இதே கைதான் இவருக்குத் தயிர் போடுகிறது. வந்த கோபத்தை இவரிடம் காட்டாமல் பால்காரரிடம் காட்டப் போனேன். தண்ணீர் கலக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"பாணி நாஹி, வஹினி," தண்ணீரே இல்லை அண்ணி என்று எருமையின் முதுகைத் தொட்டுச் சத்தியம் செய்தார். எருமைக்கு மடி வீக்கமாம். மாட்டு டாக்டர் ஊசி போடுகிறாராம். உசத்தி மருந்து என்று காலிக் குப்பியைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். பெயரைப் படித்தேன். என் வீட்டுக்காரர் விழுங்குகிற அதே மருந்து.

குப்பியைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் உறையாத பால் பாத்திரம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிருமி வளந்தாத்தானே தயிர்," என்றார் மெதுவாக. "மருந்து பால்ல இறங்கியிருக்கு. தட்டுல விழற வட்டம்தான் இதுவும்." குப்பியைக் கையில் எடுத்து, "என் வயித்துலயும் இதானா நடந்துச்சு, ஸ்டெல்லா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் வட்டத்தை அளந்தவர். வட்டத்துக்கு நடுவில் தானே உட்கார்ந்திருப்பது தெரிய ஓர் எருமை தேவைப்பட்டது.

மிச்சக் கேப்ஸ்யூல் குப்பைக்குப் போனது. பாட்டில் பால் திரும்பி வந்தது, தயிரும் உறைந்தது. தயிர்சாதம், மோர், மறுபடியும் தயிர்சாதம்... முனகிக்கொண்டே சாப்பிட்டார். போன சனிக்கிழமை கோட்டு போட்டு, ரோசியின் கையைப் பிடித்து, அவசரமே இல்லாமல் நடந்தார். பூசை முழுக்க முதல் பெஞ்சில் அசையாமல் இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனாரைப் பிரிகிற துக்கம் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரின் சட்டையில் மிசல் வாசனை.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன்.

"தயிர் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்."

"எங்க?"

"ஸ்டேஷன் பக்கத்துல. தஹி மிசல்."

மறுநாளிலிருந்து, வீட்டுத் தயிருக்கென்று பூத்தில் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்குகிறேன்.