கொடுக்காத கை

பளபளக்கும் கண்ணாடித்தாள் சுற்றிய பரிசுக்கூடையைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். உள்ளே என்ன இருந்தால் என்ன, மேலே ரிப்பன் கட்டியிருந்தாலே போதும், கை பரபரக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் எனக்கே ஒன்று தந்தார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டேன். உங்களுக்கு மறை கழன்றுவிட்டது என்றாள் என் மனைவி. கழன்றது அன்றைக்கல்ல, அறுபதுகளின் கடைசியில்.

அப்போது நான் டார்ம்ஸ்டாட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். பிறந்தது காயல்பட்டினம். எங்களூரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கப் பழகிவிடுவார்கள், அதுவும் கடற்கரை மணலில், வெறுங்காலோடு. ஜெர்மனிக்கு வந்து ஆறு மாதம் பந்தைத் தொடாமல் இருந்ததில் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலாகிவிட்டது. யாரோ சொல்லி, பஸ் பிடித்து, பக்கத்துக் கிராமத்துக் கிளப் ஒன்றில் போய் நின்றேன். பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், கொஞ்ச நேரம் வெறுங்காலோடு ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தானே குனிந்து எனக்கு பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டார். அவர்தான் ட்ரெய்னர்.

அவர் உக்ரைன்காரர். ஊரே அவரை ரஷ்யன் என்றுதான் கூப்பிட்டது. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்திருக்கிறார், வாய் வலித்ததும் விட்டுவிட்டார். பதினாறு வயதில், போர்க்காலத்தில், சரக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து அந்த ஊர்ச் செங்கல் சூளையில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை, ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். போர் முடிந்து திரும்பிப் போனவர்களைத் துரோகி என்று சோவியத் அரசு சிறையில் தள்ளுவதாகச் செய்தி வந்ததால் இவர் இங்கேயே நின்றுவிட்டார். ஊரில் அப்போது ஆண்பிள்ளைகளுக்கே பஞ்சம். கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்வரிசையில் நின்று கோல் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த இடது காலைப் பற்றி பீர் குடிக்கிற கிழவர்கள் என்னிடம் அத்தனை கதை சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் போனதும் ட்ரெய்னர் ஆனார். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சைப் பந்துக்குத் திருப்பிவிடுவார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக்கு வருகிறவன் அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும். சண்டை போட்டவனுக்கும் கை, தோற்கடித்தவனுக்கும் கை. கொடுக்காமல் போனால் மூஞ்சியில் காறித் துப்பியதற்குச் சமம். ஒரு ஆட்டத்தில் எதிரணித் தடியன் ஒருவன் என் கணுக்காலைப் பெயர்த்துவிட்டான். நான் நொண்டிக்கொண்டு நேரே உடைமாற்றும் அறைக்குப் போனேன். ட்ரெய்னர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினார். அவர் பேசியது உடைந்த ஜெர்மன், ஆனால் எனக்கு எல்லாமே தமிழில்தான் நினைவிருக்கிறது.

"முதல்ல கை. கோபமெல்லாம் அப்புறம்."

கொடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆட்டக்காரராக இருந்த காலத்தில் மைன் நதிக்கரையில் உள்ள பெரிய ஊரின் கிளப் ஒன்று அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்திருக்கிறது. பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறார். வாசலில் நின்றவன் இவர் பேச்சைக் கேட்டதும், நாடில்லாதவனுக்கெல்லாம் இங்கே என்ன வேலை என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். அந்தக் கிளப்பின் இரண்டாம் அணி எங்களுக்கு ஒரு படி மேலே இருந்த பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் படியை ஏறிவிட வேண்டும், அந்த வாசல் வழியாகத் தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு ட்ரெய்னராக ஒரு தடவை உள்ளே போக வேண்டும். என்னிடம் ஒருமுறைதான் சொன்னார், ஆனால் அவர் எங்களை ஓடவைத்த ஓட்டத்தையெல்லாம் அதற்குப் பிறகு நான் அதோடு சேர்த்துத்தான் பார்த்தேன்.

அதற்காகவே பயிற்றுநர் பரீட்சையும் எழுதினார். ஜெர்மன் அவருக்குப் பேச வரும், எழுதத்தான் தகராறு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நான் கேள்வி கேட்பேன், அவர் எழுதுவார். பன்றி இறைச்சி எனக்கு ஆகாது என்று எனக்கென்று தனிச் சட்டியில் முட்டை பொரித்து வைப்பார். தேறிவிட்டார். மேல் பிரிவுக்குப் போன பிறகு எல்லோருக்கும் சொல்லலாம், அதுவரை மூச்சு விடாதே என்றார். நாற்பது வயசுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

அந்த வருஷமே மேலே ஏறிவிட்டோம். கிளப் கூடத்தில் விழா. ட்ரெய்னர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார், மனைவியும் கூட வந்திருந்தார். கிளப்பின் தலைவர் ஊர்க் கறிக்கடைக்காரர். ஆள் நல்ல சிரிப்புக்காரர், எல்லோர் முதுகிலும் தட்டுகிறவர். எழுந்து ட்ரெய்னரை வானளாவப் புகழ்ந்தார். அப்புறம் கதவைத் திறந்து ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹாம், சாசேஜ், ஈரல் டப்பா, ஒயின் பாட்டில், உச்சியில் ஒரு அன்னாசிப்பழம், கிளப் நிறத்தில் ரிப்பன். எல்லாம் அவர் கடைச் சரக்கு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கையைத் தட்டினேன். மற்றவர்கள் யாரும் தட்டவில்லை. அந்த ஊரில் அப்படி ஒரு கூடை வந்தால் உன் காரியம் முடிந்தது, போய்வா என்று பொருள் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் விளக்கினார். மேல் பிரிவில் முறையாகப் பரீட்சை தேறிய பயிற்றுநர் வேண்டும், நம் நண்பருக்கு அது இல்லை, ஆகவே கனத்த மனதோடு, இத்யாதி இத்யாதி. புதிதாக வரப்போகிறவர் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். அடப்பாவி, தேறிவிட்டாரே என்று கத்துவதற்காக நான் பாதி எழுந்துவிட்டேன். மேசைக்கு அடியில் ட்ரெய்னர் என் காலை ஓங்கி மிதித்தார். மிதித்த காலை எடுக்கவே இல்லை. உட்கார்ந்தேன். அவர் எழுந்து போய், தலைவருக்குக் கை கொடுத்து, நன்றி என்று சொல்லிக் கூடையை வாங்கிக்கொண்டார்.

நன்றியாம். கறிக்கடைக்காரர்மேல் இருந்ததைவிட ட்ரெய்னர்மேல்தான் எனக்கு அப்போது கோபம். வீட்டுக்கு நடக்கும்போது, அவர் மனைவி முன்னால் போனதும், வாய்க்கு வந்தபடி பேசினேன். முதுகெலும்பு இருக்கிறதா உங்களுக்கு என்றுகூடக் கேட்டேன். அவர் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தேறிட்டேன்னு சொல்லியிருந்தா வேற காரணம் சொல்லியிருப்பான். நிஜமான காரணத்தை. என் பெண்டாட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் அதைக் கேட்கணுமா தம்பி?"



எனக்குத் தூக்கம் வருமா? காலையில் நேரே கறிக்கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. ட்ரெய்னர் பரீட்சையில் தேறியவர், நான்தான் சாட்சி, இனி உங்கள் ஆசிரியரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். தலைவர் சாசேஜ் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும். பரீட்சைக்கு அனுப்பினதே நான்தானே, முடிவு எனக்கும் வந்துச்சு. தேறுவான்னு நினைக்கல."

அப்புறம் என்ன என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு வெளியூர்ப் பையனுக்கு ஊர் நிலவரத்தை விளக்குகிறவர் போலத்தான் சொன்னார்.

"இங்கே பாரு. நம்ம பசங்கள்ல பாதிப்பேரோட அப்பா போருக்குப் போய் அங்கே ரஷ்யாவுல மண்ணுக்குள்ள கிடக்கான். என் அண்ணனும் அங்கேதான். ஒரு ரஷ்யன் நமக்காகக் கோல் போடட்டும், கை தட்டுறோம். கீழ்ப் பிரிவுல யாரு பார்க்கிறா? மேல போனா பத்திரிகைக்காரன் வருவான், பெரிய ஊர்க்காரன் வருவான். அந்த ரஷ்யன் கோட்டுக்கு வெளியில நின்னு நம்ம பசங்களை அதட்டுறதை அவனுங்க பார்க்கணுமா?"

அவர் ரஷ்யர் இல்லை, உக்ரைன் என்றேன். எல்லாம் அந்தப் பக்கம்தானே என்றார். அவரைப் பிடித்துக்கொண்டு வந்ததே நீங்கள்தானே என்று கேட்டேன். கால் கிலோ கோழி சாசேஜ் தரட்டுமா, அதில் பன்றி இல்லை என்றார். அவருடைய கண்ணாடிப் பெட்டியை உடைக்காமல் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

என்னோடு அறையில் இருந்தவன் யாழ்ப்பாணத்துப் பையன், வேதியியல் படித்தான். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், இப்போதே போய் ட்ரெய்னரிடம் சொல்லப் போகிறேன் என்று குதித்தேன். அவன் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கு விசரே அண்ணை? அந்தாள் கேக்கக்கூடாதெண்டுதானே கூடையை வாங்கினது. நீங்கள் போய் அந்தாளின்ரை காதுக்குள்ள ஊத்தப் போறியளோ? பேசாமல் இருங்கோ."

அவன் சொன்னது நியாயம். வாயைப் பொத்திக்கொண்டேன். கிளப் சட்டையை மட்டும் அன்றோடு கழற்றிப் போட்டுவிட்டேன். மற்ற பையன்கள் ஆடினார்கள். ட்ரெய்னருக்காக ஒருவனாவது ஆட மாட்டேன் என்று சொன்னானா? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போய் ஆடினார்கள், மண்ணாங்கட்டிகள்.

இலையுதிர் காலத்தில் அந்தப் பெரிய ஊர்க் கிளப்போடு ஆட்டம் வந்தது. ட்ரெய்னர் என் விடுதிக்கே வந்துவிட்டார், வா, போய்ப் பார்க்கலாம் என்றார். அங்கே போய் எதற்கு வயிறெரிய வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன், நான் வளர்த்த பையன்கள் என்றார். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டோம். பாதி வழியில் அவர் சாதாரணமாகச் சொன்னார்: தலைவரும் வருவார், பார்த்தால் மறக்காமல் கை கொடு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்காதே.

அத்தனை மாதம் பொத்தி வைத்த வாய் அதோடு திறந்துகொண்டது. கையா, அவனுக்கா என்று ஆரம்பித்தேன். கறிக்கடையில் கேட்டதில் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன். பரீட்சைக்குத் தலைவரே அனுப்பியதை, தேற மாட்டார் என்று நினைத்ததை, மண்ணுக்குள் கிடக்கும் அப்பாக்களை, அதட்டக்கூடாத ரஷ்யனை. சொல்லச் சொல்ல, ஐயோ என்ன காரியம் செய்கிறேன் என்று எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

வாசலுக்கு நாங்கள் போகவும் கிளப் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பையன்கள் இறங்கினார்கள். அவரைக் கண்டதும் ஒவ்வொருவனாக வந்து, ட்ரெய்னர் என்று சொல்லிக் கை கொடுத்தான். எல்லோருக்கும் கொடுத்தார். புது ஆசிரியருக்கும் கொடுத்தார். ஆசிரியர் பையன்களைக் கூட்டிக்கொண்டு அந்த வாசல் வழியாக உள்ளே போனார். கடைசியாகத் தலைவர் இறங்கி, அதே சிரிப்போடு, தூரத்திலிருந்தே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

ட்ரெய்னர் இரண்டு கையையும் ஓவர்கோட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. நீட்டிய கையை நீட்டியபடியே, என்னப்பா, குளிரா என்றார். ட்ரெய்னர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வாரே, அந்தக் குரலிலேயே சொன்னார்.

"என் அப்பாவும் அங்கேதான் கிடக்கார்."

தலைவரின் கை கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று. பையன்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். நான் போய் வரிசையில் நின்று எங்கள் இருவருக்கும் டிக்கெட் வாங்கினேன். வாசலில் டிக்கெட் கிழிப்பவன் கை நீட்டியபோதும் அவர் தன் கைகளைப் பையிலிருந்து எடுக்கவில்லை, அவருடையதையும் நானே கொடுத்தேன்.