வாய்க்கொழுப்பும் அழுமூஞ்சியும்

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன்.

அத்தானுக்குப் பிடித்த மேடைக் காமெடியன் முன்வரிசையில் உட்கார்ந்த யாரையும் விட்டுவைக்க மாட்டான், கிழிகிழியென்று கிழிப்பான். அக்கா அவனுக்கு வைத்த பேர் 'வாய்க்கொழுப்பு'. அக்காவுக்குப் பிடித்த காமெடியனோ தன் வழுக்கையையும், தன்னை விட்டுப் போன காதலியையும் பற்றியே பேசுவான். அவன் அத்தானுக்கு 'அழுமூஞ்சி'.

அத்தான் வேலை முடிந்து வந்து கிரீஸ் போகக் கைகழுவியதும், சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜக்கின் மேல் போனைச் சாய்த்து வைப்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம், அவரவர் காமெடியனின் வீடியோ.

"உலகமே பழுதாக் கெடக்கு. அதை மூஞ்சிக்கு நேரா சொல்றவன்தான் காமெடியன்" என்பார் அத்தான்.

"அப்ப நீங்களும் லிஃப்டைத் திட்டிட்டு வந்துட வேண்டியதுதானே, எதுக்கு ரிப்பேர் பண்றீங்க?" என்பாள் அக்கா.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது வாய்க்கொழுப்பு எங்கள் ஊருக்கு வந்தான். அத்தான் மூன்று டிக்கெட் எடுத்தார். பாதி நிகழ்ச்சியில் அவன் இறங்கி வந்து அத்தானிடமே மைக்கை நீட்டினான்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?"

"பதினொண்ணு."

"பசங்க?"

"இல்ல."

"பதினோரு வருஷமா வீட்டுல கேரமா ஆடிட்டு இருந்தீங்க?"

அரங்கமே சிரித்தது. அத்தான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு மூன்று தடவை கரு தங்காமல் போனது எனக்குத் தெரியும். அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் எட்டி மைக்கைப் பிடித்தாள்.

"ஆமா தம்பி. அதுலயும் இவர்தான் தோப்பார்."

கூரை பிய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கைதட்டல். வாய்க்கொழுப்பே கையெடுத்துக் கும்பிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் அத்தான் மெதுவாகக் கேட்டார், "உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது. ஆனா இத்தனை வருஷமா எல்லாரும் முதுகுக்குப் பின்னாடிதானே குசுகுசுன்னு பேசினாங்க. இவன் நேரா கேட்டான். பதில் சொல்ல முடிஞ்சுது."

"எனக்குச் சிரிப்பே வரல."

அக்கா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் அத்தான் தாமாகவே அழுமூஞ்சியைப் போட்டார். "எங்க சிரிக்கணும்னே தெரியல" என்று முணுமுணுத்தபடி கடைசிவரை பார்த்தார். அக்கா அடுத்து வாய்க்கொழுப்பைப் போடச் சொன்னாள்.

அத்தான் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். போன மாதம் போயிருந்தேன். ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு இயர்போன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் சண்டை போட்ட அந்த இருபது நிமிஷத்துக்கு மனசு ஏங்கியது.